ரயில் டாய்லெட்டுக்குள்ள எதப் போடுறோம்?

வணக்கம் நேயர்களே. ரயில்வேயும் சுற்றுச்சூழலும்னு தலைப்பு குடுத்திருக்காங்க, சோலார், மின்பாதைன்னு பேச நெறைய இருக்கு, ஆனா நான் டாய்லெட்டப் பத்தித்தான் பேசப்போறேன், ஏன்னா அது ஒண்ணுதான் பயணிகளான நம்மள நம்பியே நடக்குது.

பழைய பெட்டியில கழிவு குழாய் வழியா நேரா தண்டவாளத்துல விழும். வண்டி ஸ்டேஷன்ல நிக்கும்போது யூஸ் பண்ணாதீங்கன்னு எழுதிப் போட்டிருந்தது அதுக்குத்தான். கழிவு பட்டுப் பட்டு தண்டவாளம் அரிக்கும், அத அடியில குறுக்க இருக்கிற ஸ்லீப்பர் கட்டையோட பிடிச்சு வைக்கிற கிளிப்பும் துருப்பிடிக்கும். கீமேன்னு ஒருத்தர் தினமும் லைன்ல நடந்தே போய் அந்தக் கிளிப்ப சுத்தியலால தட்டிச் சரிபண்ணுவார், அவர் கை வைக்கிற இடத்துலதான் நம்ம அசிங்கமெல்லாம் கெடந்துச்சு. எத்தன வருஷம் இத நாம சாதாரணமா எடுத்துக்கிட்டோம்!

இதுக்கு வழி வந்தது ராணுவ ஆராய்ச்சியிலருந்து. பனிமலையில இருக்கிற வீரர்களுக்காக டிஆர்டிஓவோட குவாலியர் லேப்ல உருவாக்கின பாக்டீரியாதான் இப்போ பெட்டிக்கு அடியில இருக்கிற ஸ்டீல் டேங்க்ல வேலை செய்யுது. காத்து இல்லாம கழிவத் தின்னு தண்ணியாவும் வாயுவாவும் மாத்திடும், அந்தத் தண்ணி குளோரின் பட்டுத்தான் வெளிய வரும். இதத்தான் பயோ டாய்லெட்னு சொல்றாங்க. நாட்டுலயே முதல் பசுமை வழித்தடம்னு, அதாவது கழிவு தண்டவாளத்துல விழாத பாதைன்னு, 2016 ஜூலைல அறிவிச்சது நம்ம மானாமதுரை - ராமேஸ்வரம் பாதையத்தான், 114 கிலோமீட்டர். எனக்கு அதுல ரொம்பப் பெருமை.

ஆனா பாக்டீரியா பிளாஸ்டிக்கத் தின்னாது. 2016-17ல மட்டும், சோதிச்ச சுமார் 25,000 பயோ டாய்லெட்ல 1 லட்சம் தடவைக்கும் மேல அடைப்பு வந்துச்சுன்னு அரசு கணக்கத் தணிக்கை பண்ற சிஏஜியோட அறிக்கையே சொல்லுது. தண்ணி பாட்டில், பான் பாக்கெட், நாப்கின், டயப்பர், துணின்னு குழாய் வளைவுல போய் சிக்கிக்கும். வண்டி பராமரிப்புக்காக பிட் லைனுக்கு வந்ததும் ஒரு தொழிலாளி பெட்டிக்கு அடியில போய் நின்னு அத வெளிய இழுக்கணும், தலைக்கு மேலதான் டேங்க். கீமேன் மேல விழுந்தத இவர் மேல தள்ளிவிட்டா என்னங்க நியாயம்?

டாய்லெட்டுல குப்பைத்தொட்டி வச்சிருப்பாங்க, இல்லன்னா வாஷ்பேசினுக்குக் கீழ இருக்கும், அதுல போடுங்க. பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுங்க. அடைச்சிருந்தா மேல மேல தண்ணி ஊத்தாதீங்க, 139க்கு போன் போட்டு ரயில் நம்பர், கோச் நம்பர் சொல்லுங்க, பல வண்டியில ஓடும்போதே வந்து பாக்க ஆள் இருக்காங்க. நன்றி, வணக்கம்.