ஆயில் பிரஷர் முள் படுத்துடுச்சு: 1992 எம்எக்ஸ்-5 இன்ஜினைப் பிரிச்ச கதை

முதல்ல இந்தச் சத்தத்தைக் கேளுங்க. (இன்ஜின் ஓடும் சத்தம்) டிக் டிக் டிக்னு தையல் மெஷின் மாதிரி கேக்குதா? இப்ப டேஷ்போர்டுல அந்த முள்ளைப் பாருங்க, கீழே படுத்துக் கிடக்கு. லேசா ரேஸ் கொடுக்கிறேன், எழுந்திரிக்குது. காலை எடுத்தேன், திரும்பப் படுத்துக்கிச்சு.

வணக்கம் மக்களே. இது மூணு மாசத்துக்கு முன்னாடி எடுத்த காட்சி. வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5, 1992 மாடல், 1.6 லிட்டர் இன்ஜின். இந்த இன்ஜின்ல வால்வு லிஃப்டர், அதாவது வால்வைத் தள்ளித் திறக்கற சின்னக் கிண்ணம், எல்லாம் ஹைட்ராலிக், ஆயில் பிரஷரை வச்சுத்தான் வால்வு இடைவெளியைத் தானே சரிபண்ணிக்கும். பிரஷர் குறைஞ்சா முதல்ல அதுதான் கத்தும். ஆனா லிஃப்டர்ல அழுக்கு சேர்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும், பிரஷர் நல்லா இருந்தாலும் வரும். அதனால சத்தத்தை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வராதீங்க.

நான் என்ன பண்ணேன்? சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஆயிலை வடிச்சுட்டு கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்தினேன். முள் கொஞ்சம் ஏறுச்சு, சத்தமும் அடங்குச்சு. சரியாயிடுச்சுன்னு ரெண்டு மாசம் ஜாலியா ஓட்டினேன். காய்ச்சல்காரனுக்குப் போர்வையைப் போத்திட்டு குணமாயிட்டான்னு சொல்ற கதைதான் அது.

ஏன்னா ஆயில் பம்ப் பிரஷரை உண்டாக்கறதில்லைங்க. அது ஆயிலைத் தள்ளும், அவ்வளவுதான். அந்த ஆயில் பேரிங் இடுக்கு வழியா வெளியேறக் கஷ்டப்படுது பாருங்க, அந்தக் கஷ்டம்தான் பிரஷர். கெட்டி ஆயில் மெதுவா வெளியேறும், முள் ஏறும். ஆனா காலையில குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்றப்போ அதே கெட்டி ஆயில் மேல லிஃப்டருக்குப் போய்ச் சேர நேரமாகும். முள் சந்தோஷமா நிக்கும், மேலே கேம் ஷாஃப்ட் காஞ்சு கிடக்கும்.

சரி, ஒழுங்கா என்ன பண்ணியிருக்கணும்? முள் சொல்றது உண்மையான்னு முதல்ல பாத்திருக்கணும். இந்த வண்டியில ஆயில் பிரஷர் சென்சார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில, ஆயில் ஃபில்டர் பக்கத்துல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. மேலேருந்து கை போகாது. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தி, கீழேருந்து முழங்கை வரைக்கும் விட்டாத்தான் மாட்டும். அதைக் கழட்டிட்டு அதே துளையில ஒரு மெக்கானிக்கல் கேஜ் போட்டேன். ஓயர் கிடையாது, கரண்ட் கிடையாது, ஆயிலே நேரா கேஜுக்கு வரும். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஒரு சின்ன விஷயம். சென்சாரைத் திரும்ப மாட்டும்போது த்ரெட் முழுக்க டெஃப்லான் டேப் சுத்திடாதீங்க. ஒத்த ஓயர் சென்சார் இது. எர்த் அந்த த்ரெட் வழியாத்தான் கிடைக்குது. டேப்பை அடுக்கடுக்கா சுத்தினா எர்த் போயிடும், முள் இஷ்டத்துக்கு ஆடும், அப்புறம் இல்லாத வியாதிக்கு வைத்தியம் பாத்துட்டு இருப்பீங்க. இன்னொண்ணு, 1995 மாடலோ அதுக்கப்புறம் வந்ததோ வச்சிருக்கீங்கன்னா, அதுல பெரும்பாலும் அந்த முள் பேருக்குத்தான். உள்ளே இருக்கிறது வெறும் சுவிட்ச். கொஞ்சூண்டு பிரஷர் இருந்தாலே முள் நடுவுல போய் நின்னுக்கும். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கலை. அதுக்கு ஒரு எச்சரிக்கை லைட்டே வச்சிருக்கலாம்.

இப்ப கேஜ் என்ன காட்டுச்சுன்னு பாப்போம். அளக்கறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் வண்டியை ஓட்டிட்டு வந்தேன். தண்ணி சூட்டு முள் அஞ்சு நிமிஷத்துல நடுவுக்கு வந்துடும், ஆயில் சூடாக அதுக்கு மேல நேரமாகும். ஆயில் 10டபிள்யூ-30க்கு மாத்தியாச்சு. ஐடிலிங்ல 11 பிஎஸ்ஐ. 3000 ஆர்பிஎம்ல 24. சர்வீஸ் மேனுவல்ல 1000 ஆர்பிஎம்ல 28லேருந்து 43, 3000ல 43லேருந்து 57 இருக்கணும்னு போட்டிருக்கு. ஆக முள் பொய் சொல்லலை.

ஆனா எனக்குத் துப்பு கொடுத்தது இந்த ரெண்டு எண்ணும் இல்ல, மூணாவது எண்தான். 4500 வரைக்கும் ரேஸ் கொடுத்தேன். 25! 3000க்கும் 4500க்கும் நடுவுல ஒரே ஒரு பிஎஸ்ஐ வித்தியாசம். பேரிங் மட்டும் தேஞ்சிருந்தா ஐடிலிங்ல படுத்துட்டு, ரேஸ் ஏற ஏற பிரஷரும் ஏறிட்டே போகும். சம்புக்குள்ள, அதாவது அடியில ஆயில் தேங்கற தட்டுக்குள்ள, ஸ்ட்ரெய்னர்ங்கற சல்லடை அடைச்சிருந்தா தலைகீழா, ஐடிலிங்ல ஓரளவு நல்லா இருந்துட்டு, அதிக ஆர்பிஎம்ல மூச்சு முட்டி விழும். எங்கேயோ ஒரு மட்டத்துல போய் முட்டி அப்படியே நிக்குதுன்னா ரிலீஃப் வால்வு மேலதான் எனக்குச் சந்தேகம். பிரஷர் அளவுக்கு மீறினா திறந்து ஆயிலைத் திருப்பி விடற வால்வு அது. அது திறந்தே மாட்டிக்கிச்சுன்னா, பம்ப் எவ்வளவு தள்ளினாலும் ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற மாதிரிதான்.

இந்த இன்ஜின்ல அந்த வால்வு ஆயில் பம்ப்புக்குள்ளயே இருக்கு. பம்ப் கிராங்க் ஷாஃப்ட்டோட முன்முனையில. அதுக்குக் கிராங்க் புல்லி, டைமிங் பெல்ட், சம்ப் எல்லாம் கழட்டணும். சம்பைக் கழட்ட முன் சப்ஃபிரேம் குறுக்கே நிக்குது. நான் இன்ஜினையே வெளியே எடுத்துட்டேன். கிராங்க் புல்லியில கை வைக்கிறப்போ ஒரு எச்சரிக்கை: 1991 நடுவு வரைக்கும் வந்த 1.6ல கிராங்க் மூக்கு குட்டை, போல்ட்டை ஒழுங்கா டைட் பண்ணலைன்னா புல்லியைப் பிடிச்சு நிறுத்தற சாவிக்காடியே தேஞ்சு போயிடும். என்னோடது அதுக்கப்புறம் வந்தது, தப்பிச்சேன்.

இங்க பாருங்க, கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன். இதுதான் ரிலீஃப் வால்வோட பிளஞ்சர், சுண்டு விரல் நுனி அளவுதான். விட்டா தன் எடையிலேயே வழுக்கி உள்ளே போகணும். இது பாதியில நிக்குது. ஸ்க்ரூட்ரைவரால தட்டித்தான் வெளியே வந்துச்சு. பக்கவாட்டுல நகம் வெட்டின துணுக்கு மாதிரி மின்னுதா? இரும்புச் சீவல். ஆயில் ஃபில்டருக்குப் போறதுக்கு முன்னாடியே இந்த வால்வைத் தொட்டுட்டுப் போகுது. ஸ்ட்ரெய்னர் கண்ணி வழியா நழுவின எதுவும் இங்க வந்து மாட்டும், ஃபில்டர் காப்பாத்தாது.

சரி, சீவல் எங்கேருந்து வந்துச்சு? அதுக்கு விடை தெரியாம மூடினா, இன்னொரு சீவல் வரும். பம்ப்பைப் பிரிச்சதுல ரோட்டர் ஓடற முகத்துல வளையம் வளையமா கோடு, நகத்தை ஓட்டினா தடுக்குது. எமெரி பேப்பர்ல தேய்ச்சு ஒப்பேத்தலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, விட்டுட்டேன். புது பம்ப்தான். ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில வாஷர் போட்டுப் பிரஷரை ஏத்தலாம்னும் சில பேர் சொல்வாங்க. கோளாறைச் சரிபண்ணாம வாஷர் போடறது, என்னோட 20டபிள்யூ-50 வேலையோட தம்பி.

சம்ப் திறந்தே இருக்கிறதால கான் ராடு பேரிங்கையும் பிளாஸ்டிகேஜ் வச்சு அளந்தேன். மெழுகு மாதிரி மெல்லிய இழை. அதை வச்சு பேரிங் மூடியைப் போட்டு, டார்க் ரென்ச்சால சொன்ன அளவுக்கு டைட் பண்ணிக் கழட்டினா நசுங்கியிருக்கும், அகலத்தை ஸ்கேலோட ஒப்பிட்டா இடைவெளி தெரியும். 0.10 மில்லிமீட்டர் தாண்டினா மாத்தியே ஆகணும். எனக்கு 0.06 வந்துச்சு. இருந்தாலும் ரெண்டு பேரிங்ல கோடு விழுந்திருந்ததால நாலு ராடுக்கும் புதுசு போட்டேன். ஸ்ட்ரெய்னர்லயும் பழைய சீலன்ட் துணுக்குகள் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, யாரோ சம்புக்குத் தாராளமா பூசினது. புதுசா பூசறப்போ மெல்லிசா ஒரே கோடு போதும். உள்பக்கம் பிதுங்கறது உதிர்ந்து நேரா ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும்.

புது பம்ப்பைக் காஞ்சபடி மாட்டக் கூடாது. காத்தை உறிஞ்சிக்கிட்டு சும்மா சுத்தும். உள்ளே வாஸலின் அடைச்சேன், சூடானதும் அது ஆயில்ல கரைஞ்சிடும். பிளக் நாலையும் கழட்டி, இக்னிஷன் கனெக்டரைப் பிடுங்கிட்டு, ஸ்டார்ட்டர்ல விட்டு விட்டுச் சுத்தினேன். மூணாவது தடவை கேஜ் துள்ளுச்சு. அப்புறம்தான் பிளக் மாட்டினேன்.

இதோ இன்னைக்கு எடுத்தது. இருபது நிமிஷம் ஓட்டிட்டு வந்திருக்கேன். ஐடிலிங்ல 30. 3000ல... இருங்க, வருது... 52. 4500ல 58. லிஃப்டர் ஒண்ணு மட்டும் காலையில ஸ்டார்ட் பண்ண முதல் பத்து செகண்ட் இன்னும் டிக் டிக்குங்குது, அதை அப்புறம் பாத்துக்கலாம். 500 கிலோமீட்டர் ஓடினதும் ஃபில்டரை வெட்டிப் பிரிச்சு, மடிப்புக்குள்ள சீவல் ஏதாவது இருக்கான்னு கேமரா முன்னாடியே பாக்கப் போறேன். இப்ப ட்ரிப் மீட்டர்ல 312 ஆகியிருக்கு.