பகலில் ஒரு புடாபெஸ்ட், இரவில் ஒரு புடாபெஸ்ட்

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, வணக்கம்.

வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் என் பேச்சின் தலைப்பை 'ஐரோப்பியத் தலைநகரங்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். பன்மையைப் பார்த்ததும் எனக்கே பயமாகிவிட்டது. நான் பேசப்போவது ஒரே ஒரு தலைநகரைப் பற்றி. ஹங்கேரியின் புடாபெஸ்ட். பாரிஸுக்கும் ரோமுக்கும் போகிறவர்களுக்கு யோசனை சொல்ல ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். இந்த ஊருக்கு ஆள் குறைவு.

சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் அச்சடித்துக் கொடுக்கும் பயணத்திட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பகல் பத்தி ஒன்று, இரவுப் பத்தி ஒன்று. பகல் பத்தியில் கோட்டை, தேவாலயம், அருங்காட்சியகம். இரவுப் பத்தியில் படகுச் சவாரி, மதுக்கூடம், நடனம். வரலாறு சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். புடாபெஸ்டில் இந்தப் பிரிவினை செல்லாது. அங்கே இளைஞர்கள் விடிய விடிய ஆடுகிற தெருவும், பகலில் மனம் கனத்து நிற்கிற தெருவும் ஒன்றே. அதனால் இரண்டு மூன்று நாள் மட்டுமே கையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது: இருபது இடங்களை ஒருமுறை பார்க்காதீர்கள். நான்கைந்து இடங்களை வெயிலில் ஒருமுறை, விளக்கொளியில் ஒருமுறை என்று பாருங்கள்.

ஆற்றிலிருந்து தொடங்குகிறேன். டான்யூப் ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடுகிறது. மேற்குக் கரையில் குன்றும் மேடுமாகப் புடா. கிழக்குக் கரையில் சமவெளியாகப் பெஸ்ட். வடக்கே இருந்த ஓபுடாவையும் சேர்த்து 1873இல்தான் இவை ஒரே நகராயின. அதற்கு முந்தைய காலத்தில் ஆற்றைக் கடப்பதே பெரும்பாடு. படகுகளை வரிசையாகக் கட்டி அவற்றின்மேல் பலகை போட்டு நடப்பார்கள். குளிர்காலம் வந்து பனிக்கட்டிகள் மிதக்கத் தொடங்கினால் அதையும் கழற்றிவிட வேண்டும். 1820 டிசம்பரில் தந்தை இறந்த செய்தி கேட்டு ஓடி வந்த இஷ்ட்வான் செச்சேனி என்ற பிரபு, ஆற்றைக் கடக்க வழியில்லாமல் ஒரு வாரம் காத்துக் கிடந்தார். நிரந்தரப் பாலம் வேண்டும் என்று பிற்பாடு அவர் விடாப்பிடியாக நின்றதற்கு அந்த ஒரு வாரமும் ஒரு காரணம். 1849இல் சங்கிலிப் பாலம் திறந்தது. வடிவமைத்தவர் வில்லியம் டியர்னி கிளார்க் என்ற ஆங்கிலேயர். கூடவே நின்று கட்டி முடித்தவர் ஆடம் கிளார்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பெயர் ஒன்றாக இருந்தாலும் இருவரும் உறவினர்கள் இல்லை.

இந்தப் பாலத்தில் எனக்குப் பிடித்தது கல்லும் இரும்பும் இல்லை, சுங்கம். பாலத்தைக் கடக்கிற எவரும் காசு கொடுத்தாக வேண்டும் என்று முன்கூட்டியே சட்டம் போட்டிருந்தார்கள். ஹங்கேரியப் பிரபுக்கள் அதுவரை வரி கட்டிப் பழக்கமில்லாதவர்கள். அவர்களும் சட்டைப் பையில் கைவிட வேண்டியதாயிற்று. ஆற்றின்மேல் பாலம் கட்டுவதைவிட அதுதான் கடினமான வேலையாக இருந்திருக்கும்.

1945 தொடக்கத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை டான்யூபின் பாலங்கள் அனைத்தையும் தகர்த்தது. சங்கிலிப் பாலத்தை மீண்டும் கட்டித் திறந்தது 1949இல், முதல் திறப்புக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து.

பாலத்திலிருந்து பெஸ்ட் கரையோரமாக நாடாளுமன்றத்தை நோக்கி நடந்து வாருங்கள். காலை நேரம் நல்லது. கரையின் கல் விளிம்பில் காலணிகள் கிடக்கும். இரும்பில் வார்த்த 60 ஜோடி. 1944இன் இறுதியிலும் 1945இன் தொடக்கத்திலும் ஹங்கேரிய நாஜிகளான அம்புச் சிலுவைக் கட்சியின் ஆயுதக் கும்பல் யூதர்களைப் பிடித்து வந்து இந்தக் கரையில் வரிசையாக நிறுத்தியது. காலணி விலைமதிப்புள்ள பொருள், மறுபடி விற்கலாம். ஆகவே அதைக் கழற்றச் சொல்லிவிட்டுச் சுட்டார்கள். உடல்களை ஆறு கொண்டுபோயிற்று. ஜான் டோகாய் என்ற திரைப்பட இயக்குநரின் யோசனையை ஜூலா பாவுவர் என்ற சிற்பி வடித்துக் கொடுக்க, 2005இல் இந்த நினைவிடம் அமைந்தது.

குனிந்து பாருங்கள். தொழிலாளியின் கனமான பூட்ஸ், குதிகால் உயர்ந்த பெண்ணின் செருப்பு, குழந்தையின் காலணி. சிலவற்றில் தோல் மடங்கிய சுருக்கம்கூடத் தெரியும். ஒன்று நேராக நிற்கும், ஒன்று பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், அவசரத்தில் உதறியது போல. உள்ளே மழைநீர் தேங்கியிருக்கும். யாரோ வைத்த பூ வாடியிருக்கும். அந்தக் காலணிக்குள் தன் காலை நுழைத்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. என்ன சொல்ல!

அதே கரைக்கு இரவு மறுபடி போங்கள். இரண்டாம் எண் டிராம் ஆற்றையொட்டியே ஓடுகிறது. பார்க்கிற செலவும் பயணச் செலவும் ஒரே டிக்கெட்டில் முடிந்துவிடும். நாடாளுமன்றம் முழுக்க மஞ்சள் வெளிச்சத்தில் நிற்கும். கவிகையின், அதாவது குவிமாடத்தின், உயரம் 96 மீட்டர். செயின்ட் ஸ்டீபன் பேராலயத்தின் உயரமும் அதே 96 மீட்டர். ஹங்கேரியரின் முன்னோர்களான மாஜார் மக்கள் இங்கே வந்து குடியேறியதாகக் கொள்ளும் 896ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து வைத்த கணக்கு என்பார்கள். கவிகைக்கு மேலே வெள்ளைப் பறவைகள் விளக்கொளியில் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே ஆற்றில் இசையும் ஆட்டமுமாகப் படகுகள் போகும். படகில் இருப்பவர்களின் கண்ணுக்கு அந்தக் காலணிகள் தெரியாது. காலையில் கரையில் நின்ற உங்களுக்கு அவை இருக்கும் இடம் தெரியும். படகில் ஏற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏறுங்கள், அழகான சவாரி. ஆனால் காலையில் நடந்துவிட்டு ஏறுங்கள்.

எதிர்க்கரையில் குன்றின்மேல் தெரிவது மீனவர் கொத்தளம். கோபுரமும் வளைவுமாக இடைக்காலக் கோட்டை போலவே இருக்கும். அதைக் கட்டி முடித்தது 1902இல். போரிடுவதற்காகக் கட்டியது இல்லை. நகரப் பூங்காவில் இன்னொரு வேடிக்கை, வொய்தாஹுன்யாத் கோட்டை. 1896 கண்காட்சிக்காக மரத்தாலும் அட்டையாலும் கட்டினார்கள். ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று என்று பிறகு கல்லாலேயே கட்டிவிட்டார்கள். போலிப் பழமைதான். இருந்தாலும் கொத்தளத்திலிருந்து ஆற்றைப் பார்க்கிற காட்சி அசலானது. விடியற்காலையில் போனால் கூட்டமும் இருக்காது.

இனி ஏழாவது வட்டாரம், எர்ஷேபெட்வாரோஷ். இன்று இங்கே வந்ததே இதைப் பேசத்தான்.

அந்தப் பகுதியின் பழைய வீடுகள் எப்படி இருக்கும் என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் முற்றம் வைத்த வீட்டை நான்கு மாடிக்கு உயர்த்தி, மாடிக்கு மாடி முற்றத்தைச் சுற்றி இரும்புக் கம்பி வைத்த நடையை ஓட்டினால் எப்படியோ, அப்படி. எல்லா வீட்டுக் கதவும் முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். கீழே ஒருவர் இருமினால் நான்காம் மாடியில் கேட்கும். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இது யூதர்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி. டோஹானி தெருவில் 1859இல் கட்டிய யூதக் கோயில் ஐரோப்பாவிலேயே மிகப் பெரியது. ஏறத்தாழ 3,000 பேர் உட்காரலாம். 1944இன் கடைசி வாரங்களில் இந்தப் பகுதியைச் சுற்றி வேலி எழுப்பி, சுமார் 70,000 பேரை உள்ளே அடைத்தார்கள். 1945 ஜனவரியில் சோவியத் படை நுழையும்வரை பசியிலும் குளிரிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். வழிபாட்டிடத்தை ஒட்டிப் பிணம் புதைப்பது யூதர் வழக்கத்தில் கிடையாது. இங்கே வேறு வழியில்லாமல் கோயில் தோட்டத்திலேயே 2,000க்கும் மேற்பட்டவர்களைப் புதைத்திருக்கிறார்கள். பின்புற முற்றத்தில் உலோகத்தால் ஆன வில்லோ மரம் ஒன்று கிளை தாழ்ந்து நிற்கிறது. இம்ரே வார்கா என்ற சிற்பி செய்தது. இலைக்கு இலை இறந்தவர்களின் பெயர் பொறித்திருக்கிறது. காற்றடித்தால் இலைகள் ஒன்றோடொன்று உரசும்.

போர் முடிந்தது. ஆட்கள் போய்விட்டார்கள், வீடுகள் அரசுடைமையாயின. பல பத்தாண்டுகள் சுண்ணாம்புகூட அடிக்காமல் விட்டார்கள். 1990க்குப் பிறகு இடித்துத் தள்ளிவிட்டுப் புதுக்கட்டடம் எழுப்பலாம் என்று பேச்சு எழுந்தது. இடிக்கும் தேதிக்குக் காத்துக்கிடந்த அந்தக் காலி முற்றங்களில்தான், 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், கையில் காசில்லாத இளைஞர்கள் கடை விரித்தார்கள். பழைய சாமான் கடையிலிருந்து நாற்காலி, யாரோ தூக்கி எறிந்த மேசை, குறைந்த விலையில் பீர். இவற்றை இடிபாட்டு மதுக்கூடங்கள் என்கிறார்கள். மிகப் பெயர்பெற்றது கசின்சி தெருவில் இருக்கும் சிம்ப்ளா கெர்ட். காரை பெயர்ந்த சுவரை அப்படியே விட்டிருக்கிறார்கள். குளியல் தொட்டியின் பக்கவாட்டை வெட்டி இருக்கையாக்கியிருக்கிறார்கள். முற்றத்தில் கூரையைக் கழற்றிய டிராபன்ட் கார் ஒன்று நிற்கிறது. கிழக்கு ஜெர்மனியின் அந்தப் பழைய காருக்குள் ஏறி உட்கார்ந்து ஆளுக்கொரு கிண்ணத்தோடு பேசிக்கொண்டிருப்பார்கள். குடிக்காதவர்களுக்கு எலுமிச்சைச் சாறு தாராளமாகக் கிடைக்கும். ஒயினில் சோடா கலந்த 'ஃப்ரோச்' அவர்களின் கோடைக்கால வழக்கம். ஞாயிறு காலையில் அதே முற்றம் சந்தையாகிவிடும். விவசாயிகள் பாலாடைக்கட்டியும் தேனும் காய்கறியும் கொண்டுவந்து விற்பார்கள். சனி இரவு ஆடிய களைப்போடு ஞாயிறு காலை தக்காளி வாங்குகிறவர்களைப் பார்க்கலாம். அதே தெருவில் சில அடி நடந்தால், 1913இல் கட்டிய இன்னொரு யூதக் கோயில், இன்றும் வழிபாடு நடப்பது.

இந்த மதுக்கூடங்கள் அந்த வீடுகளைக் காப்பாற்றின என்று ஒரு கட்சி சொல்கிறது. கூட்டம் வந்திராவிட்டால் எல்லாவற்றையும் இடித்திருப்பார்கள் என்பது உண்மைதான். இன்னொரு கட்சி அந்த முற்றங்களின் மாடிகளில் குடியிருக்கிறது. கீழே இருமினால் மேலே கேட்கும் என்று சொன்னேனே, அங்கே இரவு மூன்று மணிக்கு ஐம்பது பேர் பாடினால் என்ன ஆகும்? நள்ளிரவுக்குமேல் கடைகளை மூட வேண்டுமா என்று 2018 பிப்ரவரியில் அந்த வட்டாரத்தில் வாக்கெடுப்பு நடந்தது. போதுமான பேர் வாக்களிக்க வராததால் அது செல்லாமல் போயிற்று. பக்கத்து வட்டாரமான டெரேஸ்வாரோஷில் 2024இல் வேறொரு வாக்கெடுப்பு. வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சில நாள் வாடகைக்கு விடுவதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டார்கள். ஆம் என்ற பக்கம் வென்றது. 2026 தொடக்கத்திலிருந்து தடை. நான் மாடியில் குடியிருப்பவர்கள் கட்சி. நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும், மதுக்கூடத்தை விட்டுத் தெருவில் இறங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம்.

குளியலைப் பற்றிக் கேட்பீர்கள். ஊருக்கு அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள். நகரப் பூங்காவில் உள்ள செச்சேனி குளியல் நிலையத்தைத் திறந்தது 1913இல். ஓவியர் அம்ரிதா ஷெர்-கில் இதே ஊரில் பிறந்ததும் அதே ஆண்டுதான். திறந்தவெளிக் குளத்தில் மார்பளவு வெந்நீரில் நின்றுகொண்டு முதியவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள். பலகை நீர்மட்டத்தில் இருக்கும். சுற்றிலும் ஆவி. சில சனி இரவுகளில் அங்கேயே காதைப் பிளக்கும் இசையோடு நீர்க்கேளிக்கை நடத்துகிறார்கள். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. இரவில் வெந்நீரில் இறங்க ஆசைப்படுபவர்களுக்கு ருடாஷ் குளியல் நிலையத்தைச் சொல்வேன். 16ஆம் நூற்றாண்டில் துருக்கியர் கட்டியது. எட்டுப் பட்டைக் குளம், எட்டுத் தூண்கள், மேலே கவிகையில் சிறு சிறு துளைகளில் வண்ணக் கண்ணாடி. பகலில் அந்தத் துளை வழியாக வெளிச்சம் கோடு கோடாக இறங்கும். வெள்ளி, சனி இரவுகளில் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். சில நாட்கள் ஆண்களுக்கு மட்டும், சில நாட்கள் பெண்களுக்கு மட்டும். குடும்பத்தோடு போகிறவர்கள் கிழமையைப் பார்த்துப் போங்கள்.

பணம் யூரோ இல்லை, ஃபோரின்ட். அட்டை தேய்க்கும் இயந்திரம் எந்த நாணயத்தில் என்று கேட்டால் ஃபோரின்ட் என்றே சொல்லுங்கள், ரூபாய் என்றால் நஷ்டம். உணவகப் பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அன்பளிப்பு வையுங்கள். டிராமில் ஒற்றை டிக்கெட்டை இயந்திரத்தில் முத்திரையிட மறந்தால் பரிசோதகர் கருணை காட்டமாட்டார். தெருவில் புன்னகையோடு வழிமறித்து 'பக்கத்தில் ஒரு நல்ல கடை இருக்கிறது' என்று அழைக்கிறவர்களோடு போகாதீர்கள். விலைப்பட்டியல் இல்லாத அந்தக் கடையில் பில் வரும்போது வாசலில் தடியர்கள் நிற்பார்கள். சைவ உணவுக்காரர்கள் 'ஃபோசெலெக்' கேளுங்கள், காய்கறியைக் குழைய வேகவைத்துக் கெட்டியாகத் தருவார்கள். மேலே இறைச்சி வைக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். 1896இல் ஓடத் தொடங்கிய முதலாவது மெட்ரோவில் ஒருமுறையாவது ஏறுங்கள். நிலையம் சிறியது, பெட்டியும் சிறியது, உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துண்டுச் சீட்டில் இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன. அறையை ஏழாவது வட்டாரத்திலேயே எடுக்கலாமா என்பது முதலாவது. தூக்கம் வேண்டாம் என்றால் எடுக்கலாம். வேண்டும் என்றால் புடா பக்கம் எடுங்கள். ஆறாம் எண் டிராம் இரவு முழுவதும் ஓடுகிறது, மார்கிட் பாலம் வழியாக உங்களைக் கரை சேர்த்துவிடும். எந்த மாதம் போகலாம் என்பது இரண்டாவது. ஆகஸ்ட் 20 அவர்களின் தேசிய விழா. அன்று போனால் ஆற்றின்மேல் வாணவேடிக்கை கிடைக்கும், ஊருக்குள் அறை கிடைக்காது. நான் பிப்ரவரியைச் சொல்வேன். குளிர் எலும்பைத் தொடும், ஆனால் வெந்நீர்க் குளத்தின் அருமை அப்போதுதான் தெரியும்.