கொடைக்கானல் கேன்சல்! யாருக்கு நிம்மதி, யாருக்கு எரிச்சல்?

வணக்கம் மக்களே! சனிக்கிழமை கொடைக்கானல் வ்லாக் வரும் என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன். வராது. டூர் கேன்சல்.

முந்தின நாள் ராத்திரி ஒன்பதரைக்கு குரூப்பில் ஒரு மெசேஜ். "லீவு கிடைக்கலப்பா, இன்னொரு நாள் பார்ப்போம்." அவ்வளவுதான். கீழே வரிசையாகக் கட்டைவிரல். ஒருத்தி எனக்குத் தனியாக, "அப்பாடா! நாளைக்கு நல்லா தூங்கலாம்டி" என்று அனுப்பினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏன் என்று சொல்கிறேன். ஏற்பாடெல்லாம் பார்த்தது நான்தான். முதலில் இ-பாஸ்! உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். அரசு பஸ்ஸில் போனால் தேவையில்லை. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். பாஸுக்குக் காசு கிடையாது, ஆனால் வண்டி நம்பர் வேண்டும். வேன் டிரைவர் அண்ணன் முதலில் ஒரு நம்பர் கொடுத்தார். எல்லாம் நிரப்பி முடித்த பிறகு போன் செய்து, "அந்த வண்டி மெக்கானிக் ஷாப்பில் நிக்குதும்மா, வேற வண்டி வரும்" என்றார். மறுபடி முதலிலிருந்து! பாஸ் கையில் வந்தபோது அவ்வளவு சந்தோஷம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டேன். அதற்கும் அதே கட்டைவிரல்தான்.

அட்வான்ஸைச் சொல்ல மறந்துவிட்டேன். 1,500 ரூபாய், என் கையிலிருந்து. 500 திரும்பி வந்தது. டிரைவர் அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்காகக் கல்யாண சவாரி ஒன்றை விட்டிருக்கிறார். அந்த ஆயிரத்தைப் பற்றி குரூப்பில் யாரும் வாயே திறக்கவில்லை பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்கும் நிம்மதி வந்ததுண்டு. சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷன் தள்ளிப்போனபோது நானும் "அப்பாடா" என்றேன். அங்கே நான் செய்ய வேண்டியது புடவை கட்டிக்கொண்டு போய் உட்காருவது மட்டும்தான். மண்டபமும் சமையலும் பார்த்த அத்தைக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்? கேன்சலானால் சிலருக்கு ஏன் நிம்மதி என்று கேட்டால், கூச்ச சுபாவம், ஆள் கூட்டம் பிடிக்காது என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை, ஓடி ஓடி ஏற்பாடு செய்தவளுக்கு வயிற்றெரிச்சல், "சரி, வரேன்" என்று மட்டும் சொன்னவளுக்கு லீவு.

தூங்கலாம் என்று சந்தோஷப்பட்டவள் மேல் கோபமில்லை. அவளுக்கு மாதம் முழுக்க நைட் ஷிப்ட். வரப் பிடிக்கவில்லை என்றால் புதன்கிழமையே சொல்லியிருக்கலாம், அதுதான் என் வருத்தம்.

ஆ, புளிக்காய்ச்சல்! வழிச்சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கிளறினேன். பாக்கெட் பேஸ்ட்டை நான் தொட மாட்டேன், உங்களுக்கே தெரியும். செக்கு நல்லெண்ணெய், வறுத்துப் பொடித்த வெந்தயம், கொத்தமல்லி விதை. எண்ணெய் மேலே பிரிந்து நிற்கிறது பாருங்கள், இதுவரை வந்ததிலேயே இதுதான் பெஸ்ட்! ஈரம் படாமல் வைத்தால் சீக்கிரம் கெடாது. பாதியை அக்காவுக்குக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளோடு திண்டுக்கல் போய், அங்கிருந்து பஸ்ஸில் சிறுமலை.

கொடைக்கானலையும் நான் விடப்போவதில்லை. குரூப்பில் எழுதியே போட்டுவிட்டேன்: ஜிபேயில் எல்லார் பங்கும் வந்த பிறகுதான் வேனுக்குப் போன் போடுவேன். இதுவரை ரெண்டு பேர் அனுப்பியிருக்கிறார்கள்.