நொடிகளைக் கோட்டைவிட்ட இடம்

நேயர்களுக்கு வணக்கம். கையில் வரைபடமும் கட்டைவிரலில் திசைகாட்டியுமாக, வழியைத் தானே தேடிக்கொண்டு ஓடுகிற விளையாட்டு ஓரியண்டியரிங். காட்டில் பிறந்த விளையாட்டு. அதை ஊருக்குள், சந்துபொந்துகளுக்குள் இழுத்துவந்து, முதலில் வருபவர் 12 முதல் 15 நிமிடத்தில் முடிக்கும்படி வைத்தால் அதற்குப் பெயர் ஸ்பிரின்ட். உலக சாம்பியன் போட்டியில் 2001-இல் பின்லாந்தின் தாம்பரே நகரில் இது முதன்முதலாக இடம்பெற்றது. ஓடி முடித்த பிறகு நடக்கும் வேலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முடிவுக் கோட்டைத் தாண்டியவர்கள் கூடி நிற்கும் இடத்தைப் பார்த்தால், பரீட்சை முடிந்து வெளியே வந்த பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆளாளுக்கு வரைபடத்தில் விரலை வைத்து, "ஏழாவது கன்ட்ரோல்ல எல்லாம் போச்சு" என்பார்கள். கன்ட்ரோல் என்பது வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த கொடி தொங்கும் இடம். அங்குள்ள கருவியில் விரல் சிப்பைக் காட்டினால் நேரம் பதிவாகும். என்னைக் கேட்டால், அந்த ஏழாவது கன்ட்ரோல் கதையைப் பாதிதான் நம்பலாம். நின்று விழித்த இடம் மனதில் பதிந்துவிடுகிறது. அதற்குக் காரணமான இடம் பதிவதில்லை.

ஏன் அப்படி? ஸ்பிரின்ட் வரைபடம் பெரும்பாலும் 1:4000 அளவில் இருக்கும். தாளில் ஒரு மில்லிமீட்டர், தரையில் நான்கு மீட்டர். கிலோமீட்டரை நான்கு நிமிடத்தில் ஓடுகிறவர் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் கடக்கிறார். ஐந்து நொடி தாளைப் பார்க்காமல் ஓடினால் ஒரு சந்து பின்னால் போய்விடும். 2014-இல் டென்மார்க்கின் சோரன் போபக் தங்கம் வென்ற போட்டி வெனிஸ் நகரில் நடந்தது. அங்கே சந்து தவறினால் எதிரே கால்வாய்தான் நிற்கும். பாலம் இருக்கும் இடத்துக்குத் திரும்பி வரவேண்டும்.

ஆகவே ஏழாவதுக்குப் போகும் வழியை ஏழாவதுக்குப் போகும்போது படிக்க நேரமே கிடையாது. ஐந்திலிருந்து ஆறுக்கு நேரான, சுலபமான வழி இருந்திருக்கும். அப்போதே படித்திருக்க வேண்டும். அங்கே வேகம் கூட்டுவதிலேயே குறியாக இருந்தவர், ஆறில் சிப்பைக் காட்டிவிட்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்பார், இல்லாவிட்டால் கண்ணில் பட்ட சந்தில் நுழைவார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். வென்றவர் 14 நிமிடத்தில் முடித்தார், நீங்கள் பதினேழரை என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் 25 சதவீதம் மெதுவு. ஒரு கன்ட்ரோலிலிருந்து அடுத்ததுவரை ஒரு பகுதி. வென்றவர் 40 நொடி எடுத்த பகுதியில் உங்களுக்கு 50 நொடி ஆகலாம், அதில் குற்றமில்லை. 64 ஆகியிருந்தால் அந்த 14 நொடி எங்கே போனது என்று தேட வேண்டும். உங்கள் தப்புகளும் அந்த 25-க்குள் கலந்திருப்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் எல்லாப் பகுதிக்கும் போட்டுப் பாருங்கள். ஏழாவதில் போனதைவிட, எங்கேயும் நிற்காமல் ஓடியதாக நினைத்த இடங்களில் இரண்டும் மூன்றுமாகக் கசிந்தது அதிகமாக இருக்கலாம்.

கால் வேகத்தைக் குறை சொல்வதற்கு முன்னாலும் இந்தக் கணக்கைப் போடுவது நல்லது. வேகம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு முறை ஸ்பிரின்ட் தங்கம் வென்ற டென்மார்க்கின் மாயா ஆல்ம் தடகளத்திலும் கெட்டிக்காரர். ஆனால் கால் மெதுவாக இருந்தால் எல்லாப் பகுதியிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் மெதுவாக இருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக எகிறினால் அது வரைபடம் படித்ததில் வந்த கோளாறு.

அப்புறம், ஒவ்வொரு பகுதிக்கும் ஆன நேரத்தைக் காட்டும் நேரப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் ஓடிய வழியை நினைவிலிருந்து பேனாவால் வரைந்துவிடுங்கள். கைக்கடிகாரத்தில் ஜிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அது தடுமாறும். நீங்கள் கூரைமேல் ஓடியதாகக்கூடக் காட்டும். தவிர, எந்த இடத்தில் எதை யோசித்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. வரையும்போது ஒரு துண்டு வழி நினைவுக்கே வரவில்லையா? வரைபடத்தோடு தொடர்பு அறுந்தது அங்கேதான். அந்தத் துண்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.

ஒரே ஒரு தப்பு மட்டும் நேரப் பட்டியலில் அகப்படாது. ஸ்பிரின்ட் வரைபடத்தில் தடித்த கறுப்புக் கோடாக வரைந்த சுவரைத் தாண்டக் கூடாது. அது இடுப்பளவு உயரம்தான், ஒரே தாவலில் தாண்டிவிடலாம் என்றாலும் கூடாது. கம்பி வேலிக்கு அப்பால் கொடி தெரிகிறது, கைக்கு எட்டும் தூரம், ஆனால் சுற்றி வர 80 மீட்டர் என்றெல்லாம் வழியமைப்பவர்கள் வேண்டுமென்றே வைப்பார்கள். தெரியாமல் தாவியவருக்கு அந்தப் பகுதியில் எல்லோரையும்விட நல்ல நேரம் பதிவாகியிருக்கும். முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே நேரத்துக்குப் பதிலாகத் தகுதிநீக்கம் என்று இருக்கும். நன்றி, வணக்கம்.