ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடி லென்ஸை வெச்சுப் பாருங்க: 1:24 செட் மாடல்

வணக்கம். சினிமா செட் போடும்போது, கேமரா நிக்க இடம் வேணும்னு எந்தச் சுவரைக் கழட்டுற மாதிரி செய்யணும்னு தச்சு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சாகணும். செட் மாடல், அதாவது அந்த செட்டோட சின்ன அட்டை வடிவம், முக்கியமா அதுக்குத்தான்.

ஒரு கூடம் எடுத்துக்குவோம். அகலம் 20 அடி, ஆழம் 14, சுவர் உயரம் 10. 1:24 ஸ்கேல்ல ஒரு அடிக்கு அரை இன்ச், அப்போ தரை 10க்கு 7 இன்ச், சுவர் 5 இன்ச். 5 எம்எம் ஃபோம் போர்டுல வெட்டுங்க. இந்த ஸ்கேல்ல அது கிட்டத்தட்ட 4¾ இன்ச் சுவர், அதனால ஜன்னல் நிலையோட ஆழமும் சரியா வந்துடும். ஃபெவிக்விக் வேண்டாம், உள்ள இருக்குற தெர்மோகோலைக் கரைச்சிடும். சுவரை ஒட்டவே ஒட்டாதீங்க, குண்டூசி போதும். ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடிச்சா போர்டு வளையும், பின்பக்கமும் ஒரு கோட் குடுங்க. ஆள் உயரத்துக்கு 2¾ இன்ச் அட்டை, அது 5½ அடி.

செட்டோட நிறுத்திடாதீங்க. செட் போடப்போற ஸ்டுடியோ ஹாலோட (ஃப்ளோர்) சுவர், தூண், வாசல் எல்லாத்தையும் அடிப்பலகையில கோடு போடுங்க. கேமரா பாதி நேரம் அங்கதான் நிக்கப்போகுது.

இப்போ லென்ஸ். சூப்பர் 35ங்கிறது சினிமா கேமரா சென்சாரோட ஒரு அளவு, சுமார் 25 எம்எம் அகலம். தூரத்தை 25ஆல பெருக்கி லென்ஸ் எம்எம்ஆல வகுத்தா ஃப்ரேம் அகலம் வந்துடும். ஓஹெச்பி ஷீட்ல (கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் ஷீட்) முக்கோணம் வெட்டுங்க: உயரம் 10 இன்ச், அடிப்பக்கம் 50 எம்எம் லென்ஸுக்கு 5 இன்ச், 35க்கு 7. 25 லென்ஸுக்கு ஏ4 ஷீட் பத்தாது, 8க்கு 8 வெட்டிக்கோங்க. கூர்முனைதான் கேமரா.

ஊஞ்சல்ல ரெண்டு பேர், 8 அடி ஃப்ரேம், 50 லென்ஸ்னு வைங்க. கேமரா 16 அடி தள்ளி நிக்கணும். ஊஞ்சல் பின்சுவர்ல இருந்து 3 அடியில இருந்தா, முன்சுவர் வரைக்கும் 11 அடிதான் இருக்கு. கேமரா 5 அடி வெளிய போயிடுது, ஆபரேட்டருக்கு இன்னும் 4 அடி. ஆக முன்சுவர் கழலணும், அதுக்கு அந்தப் பக்கம் 9 அடி காலியா இருக்கணும். "25 போட்டு உள்ளயே எடுத்துக்கலாமே"ன்னா, 8 அடியில அதே ஃப்ரேம் கிடைக்கும், ஆனா பின்சுவர் 9½ அடிக்குப் பதிலா 11 அடி தெரியும். முகத்தோட தன்மையும் மாறிடும். அது வேற ஷாட்.

போன்ல பார்க்கும்போது தலைகீழாப் பிடிங்க, அப்பதான் லென்ஸ் தரைக்குப் பக்கத்துல இறங்கும். முக்கோணத்தோட முனையை லென்ஸுக்குக் கீழ வெச்சு, ரெண்டு ஓரமும் ஃப்ரேம் விளிம்புல வர்ற வரைக்கும் ஜூம் பண்ணுங்க. மேக்ரோவை (கிட்ட இருந்து எடுக்குற மோட்) ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா கிட்ட போனதும் போன் அதுவே வைடு லென்ஸுக்குத் தாவி கோணத்தைக் கெடுத்துடும்.

வெளிப்புற செட்டுன்னா மாடலோட வடக்குப் பக்கம் நிஜ வடக்கைப் பார்க்கிற மாதிரி திருப்பி, ஷூட்டிங் நடக்கப்போற அதே மணிக்கு மொட்டைமாடி வெயில்ல வைங்க. நிழல் அதே கோணத்துல விழும், மாசமும் பொருந்தணும். டார்ச்சை நம்பாதீங்க: 1 இன்ச் டார்ச் இங்க 2 அடி லைட். பின்னணி எவ்வளவு மங்கும்னும் இதுல பார்த்து முடிவு பண்ணக்கூடாது. அதை நிஜ லென்ஸ்லதான் டெஸ்ட் பண்ணணும்.