கட்டைவிரல் நிற்கக் கூடாது

அவையோருக்கு வணக்கம்.

பேச்சைத் தொடங்கும் முன் உங்களிடம் ஒரு சிறு வேலை வாங்கப்போகிறேன். வலது கட்டைவிரலால் நாற்காலியின் கையைத் தட்டுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நல்லது. அதை நிறுத்தாமல், இரண்டாவது தட்டுக்கும் மூன்றாவது தட்டுக்கும் நடுவே ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு. பாருங்கள், பாதிப் பேருக்குக் கட்டைவிரல் நின்றுவிட்டது! வெட்கப்பட வேண்டாம். எனக்கு ஆறு மாதம் நின்றது. வீட்டில் இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் விரலால் மீட்டிய கிடார் இசையின் சூட்சுமம் முழுவதும் இந்த நிற்காத கட்டைவிரலில்தான் இருக்கிறது. தடித்த தந்திகள் அதன் பொறுப்பு. ஐந்தாம் தந்தியைத் தட்டி, நான்காம் தந்திக்குத் தாவி, மறுபடி ஐந்துக்கு வரும். மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். மெல்லிய தந்திகளில் மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும். அந்த மெட்டின் சில ஸ்வரங்கள் கட்டைவிரலோடு சேர்ந்து விழும். சில, இரண்டு அடிகளுக்கு நடுவே நழுவி விழும். கேட்கிறவருக்கு இரண்டு பேர் வாசிப்பதாகத் தோன்றும். ராக்டைம் என்ற பழைய துள்ளல் நடை இசையில் பியானோக்காரரின் இடக்கை செய்த தாள வேலையை இங்கே ஒரே விரல் செய்துவிடுகிறது.

அப்படி ஏன் வாசித்தார்கள்? பியானோ வாங்க வக்கில்லை, அதனால்தான். சியர்ஸ் ரோபக் போன்ற நிறுவனங்களின் விலைப்பட்டியலைப் பார்த்து எழுதிப்போட்டால் மலிவுக் கிடார் தபாலில் வந்துவிடும். சனிக்கிழமை இரவு யாரோ ஒருவர் வீட்டில் ஆட்டம். வாத்தியக் கோஷ்டி கிடையாது. இருப்பது ஒரு ஆள், ஒரு கிடார். ஆடுகிற கால்களுக்குத் தாளமும் வேண்டும், பாட்டும் வேண்டும். இரண்டையும் அவரே கொடுத்தாக வேண்டும்.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் அப்படி வாசித்தவர். மிசிசிப்பி மாநிலத்தில் அவலான் என்ற குக்கிராமம். பிழைப்பு விவசாயக் கூலி. 1928இல் ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனம் முதலில் மெம்ஃபிசிலும் பிறகு நியூயார்க்கிலும் அவரைப் பதிவு செய்தது. தட்டுகள் விற்கவில்லை. அடுத்த ஆண்டே பொருளாதாரம் படுத்துவிட்டது. மனிதர் ஊருக்குத் திரும்பி மாடும் வயலுமாக இருந்துவிட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள்! நியூயார்க்கில் பதிவான பாடல்களில் ஒன்று, தம் ஊர் அவலான் என்று சொல்கிறது. 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அந்த ஒரு வரியை நம்பிப் பழைய வரைபடத்தில் ஊரைத் தேடிப் பிடித்துப் போய்ச் சேர்ந்தார். ஹர்ட் அங்கேயே இருந்தார். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டார் இசை விழா மேடையில் ஏறினார். 1966இல் இறந்துபோனார்.

கண்டுபிடித்த கதையைத்தான் எல்லோரும் வியந்து சொல்வார்கள். எனக்கு வியப்பு வேறிடத்தில். 1928 பதிவையும் அறுபதுகளின் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். குரல் தழைந்திருக்கிறது, கட்டைவிரல் அப்படியே இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் ஊரைத் தாண்டி ரசிகரும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. கேட்க ஆள் இல்லாவிட்டாலும் குறைபடாத இசை இது. வாசிக்கிறவரே முதல் ரசிகர். அவர் ஒருவர் போதும். இன்றும் உலகெங்கும் யாராவது வேலை முடிந்து வந்து கிடாரை மடியில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டைவிரலோடு மல்லுக்கட்டுவதற்கு நான் காணும் காரணம் இதுதான். புளூஸ் என்ற இந்தக் கறுப்பர் பாட்டு வகையை ஒப்பாரி என்று நினைப்பவர்கள் ஹர்ட்டை ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள். கொலைக் கதையைக்கூடத் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொல்வது போலப் பாடுவார்.

கறுப்பருக்கு ஒரு பட்டியல், வெள்ளையருக்கு ஒரு பட்டியல் என்று இசைத்தட்டு நிறுவனங்கள் பிரித்து விற்றன. விரல்கள் அதை மதிக்கவில்லை. கென்டக்கியின் வெள்ளையரான மெர்ல் டிராவிஸ் பெயரால் ஒரு பாணியே வழங்குகிறது. அவருக்குக் கற்றுத்தந்தவர்களின் வழியைப் பிடித்துக்கொண்டு போனால் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பரிடம் போய் நிற்கும்.

வட கரோலினாவின் எலிசபெத் காட்டனைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது. சிறுமியாக வீட்டுவேலை செய்து சேர்த்த காசில் 3.75 டாலருக்குக் கிடார் வாங்கினார். இடக்கைப் பழக்கம். தந்திகளை மாற்றிக் கட்டாமல் கிடாரையே தலைகீழாகப் பிடித்தார். அதனால் நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் அவரிடம் தலைகீழ்! தடித்த தந்தி விரல்களுக்கு, மெட்டு கட்டைவிரலுக்கு. பதின்வயதைத் தொடும் நாட்களில் ‘ஃபிரெய்ட் டிரெயின்’ (சரக்கு ரயில்) பாடலைப் புனைந்தார். பிறகு தேவாலயத்தார் பேச்சுக்குக் கட்டுப்பட்டுக் கிடாரை ஓரம்கட்டியவர், பல பத்தாண்டுகள் கழித்து வாஷிங்டனில் சீகர் என்ற இசைக் குடும்பத்தில் வேலை பார்த்தபோது அங்கிருந்த கிடாரை எடுத்தார். அந்த வீட்டுப் பிள்ளை மைக் சீகர் பதிவுக் கருவியோடு காட்டன் வீட்டுப் படுக்கையறைக்கே போய்ப் பதிவு செய்தார். அதற்குள் அவருடைய பாடலை இங்கிலாந்தில் இருவர் தம் பெயரில் பதிந்துகொண்டார்கள். பட்டப்பகல் கொள்ளை, வேறென்ன சொல்வது? உரிமை பிற்பாடு திரும்பியது. 1985இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில், கிராமி விருதும் வந்தது.

போதும், நான் பேசியது. ஹர்ட்டின் 1928 பதிவு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். ஐயா, அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்திவிடுகிறீர்களா? முதலில் ஊசி கீறும் இரைச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடியில் கட்டைவிரல் கேட்கும்.