கடற்கரையிலிருந்து திரும்பும்போது ஏன் இந்த அழுகை?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மகனுக்கு நாலு வயது. பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் திரும்பும்போது மணலில் விழுந்து உருண்டு அழுகிறானாம். அடித்தும் பார்த்தாராம், போன் கொடுத்தும் பார்த்தாராம். அப்பா வேலையால் வரும்வரை முழித்திருந்து, பத்தரைக்குப் படுத்து, மொன்டிசோரி வேனுக்காக ஆறு மணிக்கு எழும்புகிறான். குழப்படி தொடங்குவதற்கு முன்னமே தடுக்க வழி இருக்கா என்பதுதான் கேள்வி.

இருக்கு தங்கச்சி. நாங்கள் எல்லோரும் பிள்ளை அழத் தொடங்கின பிறகுதான் அவனைப் பார்க்கிறோம், அதற்கு முந்தின அரை மணித்தியாலத்தை விட்டுவிடுகிறோம். நாலு நாளைக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு அழுதான், அதற்கு முதல் என்ன நடந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டான், மத்தியானம் நித்திரை கொண்டானா. அது போதும்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், விளையாட்டு அவனுக்குத் திடீரென்று முடிந்துபோகிறது. வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாடு செய்ய வேண்டுமே என்ற யோசனை உங்களுக்குப் பத்து நிமிடமாக ஓடியிருக்கும், அவனுக்கோ நீங்கள் கையைப் பிடித்து இழுக்கும் அந்த நேரம்தான் தெரிய வருகிறது. அதனால் முன்னமே சொல்லுங்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொன்னால் அந்த வயதுக்கு விளங்காது. "இன்னும் மூன்று அலை காலை நனைக்கட்டும், பிறகு போவம்" என்று சொல்லி இரண்டு பேருமாக எண்ணுங்கள். மூன்றாவது அலையோடு எழும்பிவிட வேண்டும், நீங்கள் இளகினால் நாளைக்குப் பத்து அலை கேட்பான். அப்புறம் வழியில் அவனுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். தண்டவாளத்துக்கு முன்னால் உங்கள் கையைப் பிடித்தபடி நின்று, ரயில் வருதா என்று இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்வது அவன் வேலை. பிளாட்டில் லிஃப்ட் பட்டனை அமத்துவதும் அவன்தான்.

நித்திரையைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தோடு சேர்த்து 10 முதல் 13 மணித்தியாலம் வேண்டும். உங்கள் மகனுக்கு இரவில் ஏழரைதான் கிடைக்கிறது. அப்பா பாவம், காலி வீதி டிராபிக்கில் அவர் என்ன செய்வார். காலையில் வேன் வரும்வரை அவர் மகனோடு இருக்கட்டும், இரவு எட்டரைக்குள் பிள்ளை படுக்கட்டும்.

அடித்தால் அந்த நேரம் பயத்தில் அடங்குவான். போன் கொடுத்தால், அழுதால் போன் வரும் என்று பழகிவிடுவான். இரண்டையும் இன்றைக்கே விடுங்கள். ஒரு கிழமை கழித்து அந்தக் கொப்பியில் என்ன எழுதினீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.